மாஸ்டருக்கு யார் அளவெடுப்பது?

தையல்கடை மாஸ்டரிடம் அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். டேப் நெஞ்சைச் சுற்றி வந்ததும் மூச்சை இழுத்து மாரை நிமிர்த்திக்கொள்வார்கள். தொப்பைக்காரர்கள் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பார்கள். மாஸ்டர் அவசரப்படமாட்டார். "எங்க வேலை பாக்குறீங்க?" என்று சும்மா ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்ல அவர்கள் வாயைத் திறந்ததும் மூச்சு இறங்கும், தோள் இறங்கும், தொப்பை தன் இடத்துக்குத் திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து இரண்டு விரலை டேப்புக்குள் விட்டு அளவைப் பிடித்துவிடுவார். இரண்டு விரல் என்பது லூஸ். மனிதன் சாப்பிடுவான், குனிவான், சிரிப்பான். அதற்கெல்லாம் சட்டையில் இடம் விட வேண்டும்.

கடையில் மூன்று பேர். மாஸ்டர் சட்டை வெட்டுவார். எதிர் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் பேன்ட் மட்டும் தைப்பார், அதனால் அவருக்குப் பேரே பேன்ட்டு என்று ஆகிவிட்டது. ஜன்னலோரம் காஜா அக்கா, பட்டன் துளை எடுப்பவர், நல்ல ஆகிருதி. 'பெண்கள் துணி எடுப்பதில்லை' என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது.

"மாஸ்டர், ஊருக்கெல்லாம் கச்சிதமா தச்சுக் குடுக்குறீங்க. உங்க சட்டை மட்டும் ஏன் இரவல் வாங்கின மாதிரி நிக்குது?" என்று பேன்ட்டு ஒருநாள் வம்புக்கு இழுத்தார்.

"எனக்கு அளவெடுக்க ஆள் எங்க இருக்கு?"

"நாங்கல்லாம் ஆளாத் தெரியலையா? எந்திரிங்க, கைய விரிங்க."

"உன் கையில டேப்பக் குடுத்தா சட்டைக்கும் ரெண்டு கால் வெச்சிருவ. போய் வேலையப் பாரு."

காஜா அக்கா வாயில் நூலை வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் எழுந்து கையை விரிக்கவில்லை. தனக்குத் தானே அளவெடுக்க முடியாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கையைத் தூக்கினால் நெஞ்சு விரியும், முதுகுப்பக்கம் டேப் இறங்கும், எண்ணைப் பார்க்கக் குனிந்தால் உள்ளதும் மாறிவிடும். அதனால்தான் தையற்காரர்கள் பழைய சட்டையை வைத்தே புதுச் சட்டையை வெட்டிக்கொள்வார்கள். மாஸ்டருக்கும் சட்டைக்கு அது போதும். அவருக்கு அளவு தெரியவேண்டியிருந்தது வேறு ஒன்றுக்கு. அதற்குப் பழைய மாதிரி எதுவும் கிடையாது.

எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. மீசை முளைப்பதற்கு முன்னாலேயே இருந்தது, மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் போகவில்லை. தான் ஆண் இல்லை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் வாரத்தில் ஒரு பொழுது, கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய துணியில் ஒரு பிளவுஸைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால், மிஷின் நின்ற பிறகு கடையில் வருமே ஒரு அமைதி, அப்படி ஒன்று உடம்புக்குள் வரும். இது என்ன, ஏன் என்று தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார். கேள்விக்குப் பதில் வராது. ஆசை மட்டும் தவறாமல் வரும்.

அவருடைய மனைவி கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்கள் மூக்கிலும் காதிலும் ஃபிரேம் மாட்டி, "அழுத்துதா? குனிஞ்சு பாருங்க, நழுவுதா?" என்று கேட்பது அவள் வேலை. அவளுக்குத் தெரியும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பேச்சு மட்டும் இல்லை.

அது இப்படி நடந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் வெட்டுத்துண்டுகள் போட்டு வைக்கும் பைக்குள் மாஸ்டர் ஒரு பிராவைப் பட்டி சுருக்கித் தைத்து ஒளித்து வைத்திருந்தார். ஒருநாள் கையை விட்டால், வியர்வையோடு சுருட்டி வைத்தது துவைத்து, காய்ந்து, மடித்து அதே இடத்தில் இருந்தது. மாஸ்டர் பையை அப்படியே மூடி வைத்தார். அன்று இரவு அவள் எப்போதும் போல ஆஸ்பத்திரிக் கதை பேசினாள், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றாள், விளக்கை அணைத்தாள். பிறகு அது வழக்கமாகிப் போனது. அவர் தெரியாமல் விழுந்துவிட்டது போல வாளியில் போட்டுவிடுவார். அவள் கொடியில் ஒரு துண்டை விரித்து அதன் அடியில் அதைக் காயப்போடுவாள், பக்கத்திலேயே இன்னொரு துண்டுக்கு அடியில் தன்னுடையதையும். இது சம்மதமா, சகிப்பா, அவமானத்தை மூடுகிற மூடியா என்று மாஸ்டர் அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பார். துண்டு ஒன்றும் சொல்லாது.

போன வருஷம் மகள் மேல்படிப்புக்காக விடுதிக்குப் போனாள். அவள் அறையும் அதிலிருந்த ஆளுயரக் கண்ணாடியும் காலியாயின. கடைக்கு வார விடுமுறை புதன்கிழமை. மனைவி வேலைக்குப் போய்விடுவாள். மாஸ்டர் மெல்லிய நீலத்துணி ஒன்று வாங்கி, மனைவியின் கிழிந்த பிளவுஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, முதல்முறையாகத் தனக்கென்று ஒரு பிளவுஸ் வெட்டினார். வீட்டு மிஷினில் பல வாரம் பிரித்துப் பிரித்துத் தைத்தார். கழுத்து அழகாக வந்தது. கை அப்படியே உட்கார்ந்தது. நெஞ்சுதான் உதைத்தது. உள்ளே போட்டிருந்தது சரியாக நின்றால்தானே மேலே போடுவது நிற்கும்? முன்பக்கம் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கியது, பின்பக்கப் பட்டி தோள்பட்டை வரை ஏறியது. வேறு யாராவது இந்த லட்சணத்தில் தைத்திருந்தால் மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பார்.

ஒழுங்காக ஒன்று உட்கார வேண்டும், அதை அவள் ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை. எதற்காக அவள் பார்க்க வேண்டும்? பார்த்து என்ன சொல்ல வேண்டும்? அதற்கு மேல் அவரால் யோசிக்க முடிந்ததில்லை.

புது பிரா வாங்கத் துணிந்து ஒரு பெரிய கடைக்குப் போனார். பெண்கள் உள்ளாடைப் பிரிவில் இரண்டு விற்பனைப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"யாருக்கு சார்?"

"வீட்டுக்கு."

"என்ன சைஸ்?"

"நாப்பத்திரண்டு." இதை மட்டும் மாஸ்டர் தயங்காமல் சொன்னார். நெஞ்சளவு நாற்பது, இரண்டு விரல் லூஸ்.

"கப் என்ன சைஸ் சார்? பி, சி, டி?"

மாஸ்டர் விழித்தார். இதற்கு முன்னால் நடைபாதைக் கடையில் குவியலிலிருந்து நாற்பத்திரண்டு என்ற எண்ணை மட்டும் பார்த்து எடுத்துவந்தவர் அவர்.

"சரி, அக்கா எப்படி இருப்பாங்க? என்னை மாதிரியா, இவளை மாதிரியா?"

"ரெண்டு பேர் மாதிரியும் இல்ல. கிட்டத்தட்ட… என்னை மாதிரி."

ஒருத்தி சட்டென்று குனிந்து இழுப்பறையில் எதையோ தேட ஆரம்பித்தாள். அவள் முதுகு மட்டும் ஆடியது. மற்றவள் உதட்டைக் கடித்துச் சமாளித்துக்கொண்டு, "ஒரு தடவ நேர்ல கூட்டிட்டு வாங்களேன் சார். ட்ரையல் ரூம் இருக்கு. நாங்களே அளவு பாத்துச் சொல்லிடுறோம்" என்றாள்.

"அவங்க வரமாட்டாங்க. கூச்ச சுபாவம்" என்றார் மாஸ்டர். அது பொய் இல்லை.

கடைசியில் நாற்பத்திரண்டிலேயே ஒன்று வாங்கி வந்தார். அதுவும் பழைய குடைச்சலையே கொடுத்தது. தோள்பட்டி வழிந்துகொண்டே இருந்தது. சட்டையில் எது பிசகினாலும் மாஸ்டர் முதலில் தோளைத்தான் பார்ப்பார். சட்டை என்பது தோளில் தொங்குவது. தோள் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். இதிலும் தோளைப் பிடித்தார். பட்டியைச் சுருக்கித் தைத்தார். பின்னால் இன்னும் மேலே ஏறியது. இன்னும் சுருக்கினார். இன்னும் ஏறியது. இருபது வருஷக் கைவேலை ஒரு சாண் துணியிடம் மண்ணைக் கவ்வியது.

ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று மனைவிக்கும் லீவு வந்தது. அன்று மகளின் அறைப்பக்கமே மாஸ்டர் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். படித்த பக்கத்தையே திரும்பப் படித்தார். அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேன்ட்டு கேட்டது நினைவுக்கு வந்தது. எனக்கு அளவெடுக்க ஆள் எங்கே இருக்கிறது என்று ஊரைக் கேட்கிறோம், ஆள் பத்தடி தள்ளி வெங்காயம் நறுக்குகிறாளே என்று தோன்றியது. தோன்றிய வேகம் ஆறுவதற்குள் எழுந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, எனக்குக் கொஞ்சம் அளவெடுக்கணும்."

"இப்பவாவது தோணுச்சே. அந்தச் சட்டையப் பாக்கச் சகிக்கல." அவள் கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை வாங்கினாள். இத்தனை வருஷம் பார்த்த பழக்கத்தில், நெஞ்சின் உயரமான இடத்தில் சுற்றி, இரண்டு விரலை உள்ளே விட்டாள். "எவ்வளவு எழுதிக்கணும், சொல்லுங்க."

"சட்டைக்கு இல்ல."

சொல்லிவிட்டார்.

அவள் விரல்கள் டேப்புக்குள்ளேயே நின்றன. மாஸ்டர் தன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் உச்சி வகிட்டையே பார்த்தார். பிறகு டேப் நழுவியது. அவள் போய்விட்டாள் என்றே நினைத்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"சட்டையக் கழட்டுங்க."

டேப் இந்தமுறை நெஞ்சுக்குக் கீழே, விலா எலும்பின் மேல் வந்து படிந்தது. மாஸ்டர் தன்னையறியாமல் மூச்சை இழுத்து மாரை நிமிர்த்திக்கொண்டார்.

"பாப்பா நேத்து ஃபோன்ல என்ன சொன்னா?"

"சாப்பாடு சரியில்லன்னு…" அவர் வாயைத் திறந்ததும் டேப் இறுகியது.

"முப்பத்தாறு."

"இல்லம்மா, எனக்கு நாப்பது வரும். அதுல ரெண்டு விரல்—"

"விரல் எதுக்குங்க? அது என்ன சட்டையா, காத்தாட விட? தோள்ல தொங்குறது இல்ல அது. கீழ பிடிச்சு நிக்கணும். கீழ பிடிக்கலன்னா தோளை எவ்வளவு இழுத்தாலும் பின்னாடிதான் ஏறும்." குரலில் ஆஸ்பத்திரித் தோரணை வந்திருந்தது. மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மூச்ச இழுக்காம இங்க முப்பத்தெட்டு. ரெண்டு இன்ச் வித்தியாசம், அப்போ கப் பி. நாப்பத்திரண்டாம் நாப்பத்திரண்டு!"

டேப்பைச் சுருட்டிக்கொண்டே திடீரென்று நிறுத்தினாள்.

"அந்த நாப்பத்திரண்டு என்னை என்ன பாடு படுத்துச்சு தெரியுமா?"

"என்னம்மா?"

"மொதல்ல அந்தப் பையில பாத்தப்போ எவளோடதோன்னு நினைச்சேன். நாப்பத்திரண்டுன்னா சும்மாவா? ரோட்ல போற வாட்டசாட்டமான பொம்பளைங்களை எல்லாம் கண்ணாலயே அளந்தேன். கடைசியில உங்க காஜா அக்காதான்னு முடிவே பண்ணிட்டேன். ரொம்ப நாள் அவங்க முகத்தப் பாத்து நான் சிரிச்சதே இல்ல. அந்த அம்மா 'நல்லா இருக்கியா தங்கச்சி'ன்னு கேக்கும், நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. தன் இரண்டு விரல் ஒரு பெண்ணையே உண்டாக்கித் தன் வீட்டுக்குள் நடமாட விட்டிருக்கிறது என்பது அவருக்கு இன்றுதான் தெரிகிறது.

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"பட்டிய உத்துப் பாத்தேன். சதுரம் போட்டு நடுவுல பெருக்கல் குறி. பாப்பா ஸ்கூல் பைக்கு நீங்க போட்ட அதே தையல். எவளுக்கோ தச்சதுன்னா ஒரு தடவ குடுத்துட்டுப் போயிருப்பீங்க. திரும்பத் திரும்ப நம்ம வாளிக்கு ஏன் வரணும்?" அவள் வெங்காயத்தட்டைப் பார்த்தபடி பேசினாள். "தெரிஞ்சதும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அப்படி இல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

மாஸ்டர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பட்டன் ஒன்று மாறி விழுந்தது. அவள் அதைக் கவனித்தாள், ஆனால் கை நீட்டிச் சரிசெய்யவில்லை.

"நானே வாங்கிட்டு வர்றேன். நீங்க போய் அங்க நின்னு மானத்தை வாங்காதீங்க" என்றாள். பிறகு, குரலைத் தணித்து, "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேங்க. போட்டுட்டு வந்து பாரு பாருன்னு என் முன்னாடி நிக்காதீங்க. அளவெடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். பாக்க என்னால முடியுமான்னு எனக்கே தெரியல."

"சரிம்மா" என்றார் மாஸ்டர்.

ஆஸ்பத்திரியில் வெள்ளையடிப்பு இழுத்துக்கொண்டே போனதால் அடுத்த புதன்கிழமையும் அவள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் மகளின் கட்டில் மேல் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் தோல் நிறத்தில், பூ வேலை எதுவும் இல்லாமல், எளிமையான ஒன்று. இதை எடுக்கும்போது அவள் என்ன நினைத்திருப்பாள், கடையில் கேட்டவர்களிடம் யாருக்கு என்று சொல்லியிருப்பாள் என்று மாஸ்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளில் கை வைத்தவர், போடாமல் கையை எடுத்துவிட்டார்.

போட்டுக்கொண்டதும் விலாவைச் சுற்றி இரண்டு உள்ளங்கைகள் பிடித்துக்கொண்டது போல இருந்தது. தோளில் பாரமே இல்லை. நீல பிளவுஸை மேலே மாட்டிக்கொண்டார். துணி நெஞ்சில் ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்து, இடுப்புக்கு மேலே போய் நின்றது. கண்ணாடியில் மீசையோடு ஒரு முகமும் அதற்குக் கீழே ஒரு குறையும் இல்லாத தையலும் தெரிந்தன. தப்புக் கண்டுபிடிக்க அவர் கண் பழக்கத்தில் அலைந்தது. எதுவும் அகப்படவில்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. யாரையாவது என்ன, ஒரே ஒருத்தியை.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"எங்கயாவது அழுத்துதா?"

"இல்ல."

"குனிஞ்சு பாருங்க. நழுவுதா?"

மாஸ்டர் குனிந்தார், நிமிர்ந்தார். "நழுவல."

"கையத் தூக்குங்க. பின்னாடி ஏறுதா?"

"ஏறல. அப்படியே நிக்குது."

காலடிச் சத்தம் திரும்பிப் போகவில்லை. மாஸ்டர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தாழ் போடவில்லை என்பது, விளிம்பில் தெரிகிற இடைவெளியில் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"அந்த பிளவுஸ் போட்டிருக்கீங்களா? நீலம்?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மிஷினுக்கு அடியில நீல நூல் கிடக்குது. என்கிட்ட நீலத்துல துணியே இல்ல." சற்றுப் பொறுத்து, "கழுத்து எப்படி வெச்சிருக்கீங்க?"

"முன்னாடி வட்டம். பின்னாடி கொஞ்சம் இறக்கம்."

"இறக்கமா? இந்த வயசுலயா?" என்றாள். சிரிப்பை அடக்கியதால் குரல் உடைந்திருந்தது. மாஸ்டரும் உள்ளே சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்தபோது நெஞ்சு விரிந்தது, ஆனாலும் அது பிடித்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கைப்பிடி லேசாக அசைந்தது போலிருந்தது. மாஸ்டர் மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்றார். கதவு திறக்கவில்லை. அவள் அதன்மேல் சாய்ந்திருக்கிறாள் போல, மரத்தில் ஒரு சின்ன கிரீச்.

"உள்ள போட்டிருக்கிறத எந்தக் கொக்கி வரிசையில மாட்டியிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள இருக்கிறதுல. இறுக்கமா நிக்கட்டும்னு."

"கழட்டி, வெளிய இருக்கிற கடைசிக் கொக்கியில மாட்டுங்க. புதுசு இல்ல, இப்போ அது போதும். போடப் போடத் தளரும். அப்போ ஒவ்வொண்ணா உள்ள வரலாம்."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்மா?"



"ஆகும்" என்றாள். "அவசரப்படாதீங்க."

மாஸ்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பிளவுஸுக்கு அடியில் விட்டு, தடவித் தடவி, கொக்கியைக் கழற்றினார். கடைசி வரிசையைத் தேடினார். கண்ணால் பார்க்க முடியாத இடம். விரல் இரண்டுமுறை நழுவியது. மாட்டி முடித்து நிமிரும் வரைக்கும் அவள் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள்.